மோட்டார் வண்டியின் பிரேக்: தேய்மானத்தை அறிதலும் பேட்களை மாற்றுதலும்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒன்று ஒரு விநாடியில் ஏறக்குறைய 16.7 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. சாலையின் குறுக்கே ஓடிவரும் பள்ளிப் பிள்ளையைக் கண்ட ஓட்டுநர், தம் காலைப் பிரேக் பெடலுக்குக் கொண்டுவர ஒரு விநாடி ஆகிறதென்று கொள்வோம். அந்த ஒரு விநாடியில் வண்டி வேகம் சிறிதும் குறையாமல் 16.7 மீட்டர் முன்னே சென்றுவிடும். அதன் பின்னரே பிரேக்கின் வேலை தொடங்குகிறது. நல்ல நிலையிலுள்ள பிரேக்கும் டயரும், உலர்ந்த தார்ச்சாலையில், மேலும் 20 மீட்டர் தூரத்தில் வண்டியை நிறுத்திவிடும். பிரேக்கின் திறன் பாதியாகக் குறைந்திருக்குமாயின் அந்த 20 மீட்டர் 40 மீட்டராகிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் பிள்ளை நிற்குமாயின், ஓட்டுநரின் அனுபவமோ நிதானமோ அப்போது உதவுவதில்லை.

பிரேக் ஒரே நாளில் கெட்டுவிடுவது அரிது. அது மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் தேய்கிறது. தேயும்போதே ஓசையாலும், பெடலின் மாறுதலாலும், எண்ணெயின் மட்டத்தாலும் தன் நிலையைத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. இவ்வறிகுறிகளை அறிந்துகொள்வதற்குப் பெரிய யந்திரப் பயிற்சி எதுவும் தேவையில்லை. கார்களில் முன்சக்கரங்களின் பிரேக் பேட்களை மாற்றும் வேலையும், உரிய கருவிகளும் பொறுமையும் உடைய ஒருவர் தம் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடியதுதான். அதை எவ்வாறு செய்வது, சக்கரத்தைக் கழற்றிய வேளையில் வேறு எவ்வெவ்வுறுப்புகளைப் பார்வையிடுவது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கை நாடுவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சுற்றுப்பயணம் செய்யும் களப்பணியாளர்களுக்கும், பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இது பயன்படலாம்.

வேகம் உஷ்ணமாக மாறுதல்

ஓடும் வண்டியில் இயக்க சக்தி அடங்கியிருக்கிறது. 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அந்தச் சக்தி சுமார் 1 லட்சத்து 39 ஆயிரம் ஜூல் ஆகும். வண்டி நிற்கும்போது இச்சக்தி மறைந்துபோவதில்லை. அதன் பெரும்பகுதி பிரேக்கில் உஷ்ணமாக மாறுகிறது. 30 டிகிரி உஷ்ண நிலையிலுள்ள ஏறக்குறைய அரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த உஷ்ணம் போதுமானது. வேகம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகிறது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

மலைச்சாலையில் இறங்கும் வண்டியின் நிலையைக் கவனிப்போம். சிம்லாவிலிருந்து கால்காவுக்கு இறங்கும் கார் சுமார் 1,500 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அதே 1,000 கிலோகிராம் வண்டி இந்த இறக்கத்தில் சுமார் 1 கோடியே 47 லட்சம் ஜூல் சக்தியை எங்கேனும் விட்டாக வேண்டும். இது ஏறக்குறைய 50 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கும் அளவு. காற்றின் தடையும் சக்கரங்களின் உருளும் தடையும் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கின்றன. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினும் ஒரு பகுதியை ஏற்கும். கியரை நியூட்ரலில் விட்டு இறங்குபவரோ இச்சுமையில் பெரும்பங்கைப் பிரேக்கின் மேலேயே சுமத்துகிறார். மலைப்பாதைகளில் தாழ்ந்த கியரில் இறங்கவேண்டுமென்ற எச்சரிக்கைக்குக் காரணம் இதுவே.

பேட் என்பது யாது?

இக்காலக் கார்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் அமைந்திருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தகடு டிஸ்க் எனப்படும். அதன் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு பேட்கள் உள்ளன. ஒவ்வொரு பேட்டும் ஓர் எஃகுத் தகட்டின்மேல் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருளாகும். பிசின், நார்கள், உலோகத் தூள், கிராபைட் முதலியவற்றைக் கலந்து, அழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் இறுக்கி இதனைச் செய்கிறார்கள். பேட்களைத் தாங்கி நிற்கும் கவ்வியைக் காலிப்பர் என்பர். அதனுள் பிஸ்டன் இருக்கிறது.

ஓட்டுநர் பெடலை அழுத்தியதும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் எண்ணெயில் அழுத்தம் உண்டாகிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் ஏற்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுகிறது என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் வகுத்த விதி. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 20 மில்லிமீட்டர் விட்டமும், காலிப்பரின் பிஸ்டன் 50 மில்லிமீட்டர் விட்டமும் உடையனவாயின், பரப்பின் விகிதத்தால் விசை ஆறேகால் மடங்கு பெருகுகிறது. இவ்விசை உட்புறப் பேட்டை டிஸ்கின்மேல் அழுத்துகிறது. அதன் எதிர்விசையால் காலிப்பர் தன் வழிகாட்டி ஊசிகளின்மேல் சற்றே நழுவி, வெளிப்புறப் பேட்டையும் இழுத்து அழுத்துகிறது. இந்த ஊசிகளை மெக்கானிக்குகள் ஸ்லைடு பின் என்று கூறுவர். சிறிய உறுப்பாயினும் இவற்றைப் பின்னர் மீண்டும் கவனிக்க வேண்டியிருக்கும்.

பேட்டுக்கும் டிஸ்குக்கும் உள்ள உறவைப் பென்சிலின் பின்முனையிலுள்ள ரப்பருக்கும் காகிதத்துக்கும் உள்ள உறவுக்கு ஒப்பிடலாம். ரப்பர் தேய்கிறது, காகிதம் பிழைக்கிறது. ரப்பர் முற்றும் தேய்ந்தபின் அதைப் பிடித்திருக்கும் தகர வளையம் காகிதத்தைக் கிழிக்கிறது. அதுபோலவே, விலை குறைந்த பேட் தேய்ந்து, விலை மிகுந்த டிஸ்கைக் காக்கும்படி இவ்வமைப்பு வகுக்கப்பட்டுள்ளது. உராய்வுப் பொருள் தீர்ந்து எஃகுத் தகடு டிஸ்கைத் தொடுமாயின் சில நாட்களுக்குள்ளேயே டிஸ்கும் கெட்டுவிடும். அதைக்காட்டிலும் முக்கியமாக, வண்டியை நிறுத்தும் திறனும் வீழ்ந்துவிடும்.

டிஸ்க் பிரேக்கிற்கு 1902-இல் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் உரிமைப் பதிவு பெற்றார். ஆயினும் தகுந்த உராய்வுப் பொருளும் உலோகமும் அக்காலத்தில் கிடைக்காமையால் அது நெடுங்காலம் பரவவில்லை. 1953-இல் பிரான்சிலுள்ள லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றது. அதன் பிறகே உலகின் கவனம் இதன்பால் திரும்பியது. நம் நாட்டில் பல்லாண்டுகள் ஓடிய பழைய அம்பாசடர் வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. இன்றும் பல சிறு கார்களின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக் உண்டு.

தேய்மானத்தின் அறிகுறிகள்

புதிய பேட்டில் உராய்வுப் பொருளின் தடிப்பு பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். அது 3 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் மாற்றிவிடுவது நலம். 2 மில்லிமீட்டருக்குக் கீழே செல்ல விடலாகாது. வண்டியுடன் தரப்பட்ட கையேட்டில் வேறு அளவு குறிக்கப்பட்டிருப்பின் அதனையே பின்பற்ற வேண்டும். சக்கரத்தின் இடைவெளிகள் வழியே கைவிளக்கை அடித்துப் பார்த்தால் பல வண்டிகளில் வெளிப்புறப் பேட்டின் தடிப்பு தெரியும். ஆனால் உட்புறப் பேட் அதைவிட அதிகமாகத் தேய்ந்திருத்தல் கூடும். ஆகையால் வெளிப்புறத்தை மட்டும் பார்த்து அமைதி கொள்வது சரியன்று.

காதால் அறியக்கூடிய குறிகளும் உண்டு. பல பேட்களில் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. பேட் வேண்டிய அளவு தேய்ந்ததும் இந்த நாக்கு டிஸ்கை உரசிக் கீச்சென்ற ஓசையை எழுப்புகிறது. இது தயாரிப்பாளர் வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கையாகும். மழை இரவுக்குப் பின் காலையில் முதன்முறை பிரேக் போடும்போது கேட்கும் உரசல் வேறு. டிஸ்கின்மேல் படிந்த மெல்லிய துருவே அதற்குக் காரணம். இரண்டு மூன்று முறை பிரேக் போட்டதும் அது மறைந்துவிடும். மறையாமல் நீடிக்கும் ஓசையை அலட்சியம் செய்யலாகாது. இரும்பை இரும்பு அரைப்பது போன்ற கரகரப்புக் கேட்குமாயின் எச்சரிக்கைக் காலம் கடந்துவிட்டதென்று கொள்ள வேண்டும்.

பெடலும் செய்தி சொல்லும். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், அந்தப் பக்கத்துப் பிரேக் சரியாகப் பிடித்து மறுபக்கத்தது பிடிக்கவில்லை என்று ஊகிக்கலாம். பெடல் காலின் கீழே துடிப்பதுபோல் அதிர்ந்தால் டிஸ்கின் தடிப்பு எங்கும் ஒரே அளவாக இல்லாமலிருக்கலாம். பெடல் பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால் எண்ணெயில் காற்றோ நீராவியோ கலந்திருக்கக்கூடும். அழுத்திய பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகுமாயின் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுதடைந்துள்ளது. இந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

பிரேக் எண்ணெயின் மட்டமும் ஓர் அளவுகோல் என்பதைப் பலர் அறிவதில்லை. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நகர்கிறது. அது விட்ட இடத்தை எண்ணெய் நிரப்புகிறது. ஆகவே தொட்டியில் மட்டம் பல மாதங்களில் மெல்லக் குறைவது இயல்பே. அதைக் கண்டதும் எண்ணெயை ஊற்றி நிரப்பி விடுபவர், பேட் தேய்வதைத் தெரிவிக்கும் ஓர் அடையாளத்தைத் தாமே அழித்துவிடுகிறார். மட்டம் குறைந்தால் முதலில் பேட்டைப் பார்க்க வேண்டும். சில நாட்களிலேயே மட்டம் விரைவாகத் தாழ்ந்தால் அது தேய்மானமன்று, கசிவு.

வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் பேட்களை மாற்றுவது வீட்டில் செய்யத்தக்க வேலை. பின்சக்கரங்களிலும் டிஸ்க் உள்ள வண்டிகளில் கைப்பிரேக் காலிப்பருக்குள்ளேயே அமைந்திருப்பதுண்டு. அவற்றுள் பலவற்றின் பிஸ்டனை நேராக அழுத்தி உள்ளே தள்ள முடியாது. தனிக்கருவியால் திருகித் தள்ள வேண்டும். மின்சாரக் கைப்பிரேக் உள்ள வண்டிகளில் அதனைப் பழுதுபார்க்கும் நிலைக்கு மாற்றத் தனிமுறை உண்டு. டிரம் பிரேக்கில் வில்கள் பல விசையுடன் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. இம்மூன்றையும் பழகாதவர் பட்டறைக்கே விட்டுவிடுதல் நன்று. எண்ணெய்க் குழாய்களைப் பிரிப்பதும், காற்றை வெளியேற்றுவதும் அவ்வாறே. துறையின் வண்டிகளைக் கழற்றிப் பழுதுபார்ப்பது களப்பணியாளரின் வேலையன்று. ஆனால் கண்ட குறையை எழுத்து மூலம் தெரிவித்துப் பட்டறைக்கு அனுப்பச் செய்வது அவர்களால் ஆகக்கூடியதே.

ஆயத்தங்கள்

வண்டியின் வகைக்கும் தயாரிப்பு ஆண்டுக்கும் ஏற்ற பேட்களை நம்பகமான கடையில் பெற வேண்டும். போலிப் பொருள்கள் சந்தையில் உலவுவதால், விலைக் குறைவு ஒன்றையே கருதி வாங்குதல் ஆகாது. ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து நான்கு பேட்களையும் ஒரே சமயத்தில் மாற்றுவது கட்டாயம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ஜாக்கி, வீல் ஸ்பானர், ஜாக் ஸ்டாண்ட் எனப்படும் உறுதியான தாங்கி, தகுந்த அளவு ஸ்பானர்கள், சி வடிவக் கிளாம்ப், டார்க் ரெஞ்ச், கம்பித் துண்டு, கம்பித் தூரிகை, பிரேக் சுத்தம் செய்யும் திரவம், உஷ்ணம் தாங்கும் பிரேக் கிரீஸ், கையுறை, முகமூடி, கண்ணாடி ஆகியவை தேவை.

பிரேக் தூளைப் பற்றித் தனியே கூறவேண்டும். 1897-இல் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயர் பிரேக்கிற்கான உராய்வுப் பொருளை உருவாக்கும் முயற்சியில் இறங்கினார். பின்னர் இத்தொழிலில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் பெருமளவில் சேர்க்கப்பட்டது. கல்நார்த் தூளைச் சுவாசிப்பது நுரையீரல் நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் காரணமாவது பின்னரே தெளிவாயிற்று. இன்று கல்நார் இல்லாத பேட்கள் பெருகியுள்ளன. எனினும் கழற்றும் பழைய பேட் எந்த வகையது என்று கண்ணால் பார்த்துக் கூற இயலாது. ஆதலால் அத்தூளை வாயால் ஊதுவதோ, காற்றடித்துப் பறக்கவிடுவதோ, உலர்ந்த துணியால் தட்டுவதோ கூடாது. திரவத்தால் நனைத்தோ ஈரத்துணியாலோ துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அகற்றிவிட வேண்டும்.

மாற்றும் முறை

சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் விட வேண்டும். ஆட்டோமாட்டிக் வண்டியாயின் பார்க்கிங் நிலையில் வைக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கற்களோ கட்டைகளோ வைத்து அடைகொடுக்க வேண்டும். ஓடி வந்த வண்டியாயின் பிரேக் ஆறும்வரை காத்திருத்தல் அவசியம். தொட்டியில் எண்ணெய் மேற்கோடுவரை நிறைந்திருந்தால் சிறிது எடுத்துவிட வேண்டும். இல்லையேல் பிஸ்டனைத் தள்ளும்போது வழிந்து, வண்டியின் பெயிண்டைக் கெடுக்கும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். பின்னர் கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, தாங்கியை உரிய இடத்தில் நிறுத்தி, வண்டியின் பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது, தாங்குவதற்கன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே தலையையோ உடலையோ நீட்டுவது உயிருக்கு ஆபத்து. கழற்றிய சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் வண்டியின் ஓரத்தின் கீழே படுக்கவைத்தால் இரண்டாவது பாதுகாப்பாக அமையும்.

ஒரு பக்கத்தை முடித்தபின்பே மறுபக்கத்தைத் தொடங்க வேண்டும். ஐயம் தோன்றும்போது கழற்றாத பக்கமே மாதிரியாக நிற்கும். கழற்றுமுன் உறுப்புகள் இருந்த நிலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும்.

காலிப்பரின் பின்புறத்தில் இரண்டு போல்ட்டுகள் ஸ்லைடு பின்களைப் பிடித்திருக்கும். பல வண்டிகளில் கீழ்ப் போல்ட்டை மட்டும் கழற்றினால் காலிப்பரை மேல்நோக்கித் திருப்பிவிடலாம். இரண்டையும் கழற்ற நேரிட்டால் காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயில் தொங்கவிடலாகாது. கம்பியால் சுருள்வில்லோடு கட்டி நிறுத்த வேண்டும். குழாயின் உட்புறம் கிழிந்தால் வெளியே தெரியாது; பிரேக் போடும்போதுதான் தெரியும். காலிப்பர் கழன்றிருக்கும் வேளையில் எவரும் பெடலை மிதிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

இனிப் பழைய பேட்களை எடுத்து அருகருகே வைத்து நோக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய சமமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் நன்கு இயங்குகிறது. ஒன்று மிகுதியாகத் தேய்ந்து மற்றொன்று தடித்திருந்தாலும், ஒரே பேட் ஒரு முனையில் சரிவாகத் தேய்ந்திருந்தாலும், ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம். அல்லது பிஸ்டன் சிக்கியிருக்கலாம். காரணத்தைக் களையாமல் புதிய பேட் போட்டால் அதுவும் அவ்வாறே விரைவில் தேயும். பின்களை வெளியே இழுத்துத் துடைத்து, பிரேக் கிரீஸ் மெல்லப் பூசி, விரலால் தள்ளினால் நழுவுமாறு செய்ய வேண்டும். அவற்றின் ரப்பர் உறைகள் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ, எண்ணெய் ஈரம் தென்பட்டாலோ வேலையை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கை அழைக்க வேண்டும். குறையொன்றும் இல்லாவிடில் பழைய பேட் ஒன்றைப் பிஸ்டனின்மேல் வைத்து, சி கிளாம்பால் மெதுவாக, சிறிது சிறிதாக அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். அப்போது தொட்டியின் எண்ணெய் மட்டம் உயர்வதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். வழக்கத்துக்கு மாறாகப் பலம் தேவைப்பட்டால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள், முரட்டுத்தனமாகத் தள்ளலாகாது.

பேட் அமரும் இடங்களின் துருவைத் தூரிகையால் நீக்கி, பேட்டின் எஃகுக் காதுகள் நழுவும் இடங்களில் மட்டும் கிரீஸை மிகச் சிறிதளவு தடவலாம். உராய்வுப் பரப்பிலோ டிஸ்கிலோ கிரீஸோ எண்ணெயோ கைரேகையோ படக்கூடாது. எச்சரிக்கை நாக்குள்ள பேட்டைப் பழையது இருந்த இடத்திலேயே பொருத்த வேண்டும். பிறகு காலிப்பரை இறக்கி, போல்ட்டுகளைக் கையேட்டில் கூறிய அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக மாறி மாறி இறுக்கி, வண்டியை இறக்கியபின் இறுதியாக முறுக்க வேண்டும். ஸ்பானரின்மேல் ஏறி நின்று மிதித்து இறுக்கும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உண்டு. இதனால் போல்ட்டின் புரி இழுபட்டுப் பலமிழக்கும். அடுத்த முறை நடுவழியில் சக்கரம் மாற்ற நேர்ந்தால் நட்டைக் கழற்றவும் இயலாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

வண்டியை நகர்த்துமுன் செய்யவேண்டிய ஒரு செயல் உண்டு; அதை மறந்தால் முழு வேலையும் விபத்தில் முடியும். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் சில மிதிப்புகளில் பெடல் தரைவரை இறங்கும், பிரேக் பிடிக்காது. ஆகவே எஞ்சினைக் கிளப்பி வண்டியை நகர்த்துமுன்பே, பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மெதுவாக மிதிக்க வேண்டும். அதன் பின் எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, வீட்டு வாயிலிலேயே மிக மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதிக்க வேண்டும்.

சக்கரம் கழன்றிருக்கையில் காணத்தக்கவை

சக்கரத்தைக் கழற்றிய பொழுது, மற்ற நாட்களில் மறைந்திருக்கும் பல உறுப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன. இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளப் பத்து நிமிடங்கள் போதும்.

டிஸ்க்: விரல் நகத்தால் தடவினால் சிக்கும் ஆழமான கோடுகள், வெளிவிளிம்பில் எழும்பிய வரம்பு, நீலம் பாய்ந்த திட்டுகள், வெடிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டிஸ்க் இதற்குமேல் மெலியலாகாது என்னும் அளவு மில்லிமீட்டரில் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மெலிந்த டிஸ்க் உஷ்ணத்தைத் தாங்காது. வெடிப்புள்ளதை உடனே மாற்ற வேண்டும்.

பிரேக் குழாய்: ரப்பர்க் குழாயை மெல்ல வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். உப்பல், ஈரம், டயர் உரசிய தழும்பு ஆகியவை இருந்தால் மாற்ற வேண்டும். சக்கர வேகத்தை அளக்கும் கருவியின் மின்கம்பி அருகே செல்லுமாயின் அதனை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை: முன்சக்கரங்களை எஞ்சின் ஓட்டும் வண்டிகளில் மடிப்பு மடிப்பான உறைகள் உள்ளன. உறை கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் சிதறி, அருகிலுள்ள பாகங்களில் கரிய கோடாகப் படியும். உறை கிழிந்தவுடனே மாற்றினால் செலவு சிறிது. புழுதியும் நீரும் புகுந்து மூட்டு கெட்டபின் செலவு பெரிது. வண்டியை முழுதும் திருப்பி ஓட்டும்போது கடகடவென்ற ஓசை கேட்டால் மூட்டு கெடத் தொடங்கிவிட்டது.

ஷாக் அப்சார்பர்: அதன் தண்டில் எண்ணெய் வழிந்து புழுதி ஒட்டியிருந்தால் அது செயலிழந்து வருகிறது. பள்ளமான சாலையில் டயர் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத டயரை எந்தப் பிரேக்காலும் பயன் இல்லை.

மூட்டுகளும் பேரிங்கும்: சக்கரத்தை மாட்டியபின், வண்டி இன்னும் தாங்கியின்மேல் உயர்ந்திருக்கும்போது, கடிகாரத்தின் 12, 6 எண்கள் உள்ள இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கலாம். 3, 9 எண்களின் இடங்களில் மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங்கின் டை ராட் முனை ஐயத்துக்குரியது. சக்கரத்தைக் கையால் சுற்றும்போது முனகல் ஓசையோ சொரசொரப்போ இருப்பின் பேரிங் தேய்ந்துள்ளது. இவற்றைக் கண்டறிதல் நம் வேலை. மாற்றுதல் பட்டறையின் வேலை.

டயர்: நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி, இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அமைப்புக் கோணம் தவறியுள்ளது, இடையிடையே குழிகள் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரை நோக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. பள்ளங்களுக்குள் குறுக்கே உள்ள சிறு மேடுகளின் மட்டத்துக்கு டயர் தேய்ந்துவிட்டால் அந்த எல்லையை அடைந்துவிட்டது. டயரின் பக்கத்தில் காணும் நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருப்பின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் எனக் கொள்க.

பிரேக் எண்ணெய்: இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 என்னும் வகை புதிதாயிருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். நீர் கலந்தபின் தர அளவு 155 டிகிரியாகத் தாழ்கிறது. மலையிறக்கத்தில் பிரேக் கடுமையாகச் சூடேறும்போது பழைய எண்ணெய் கொதித்து ஆவியாகலாம். ஆவி அமுங்குமாதலால் பெடல் தரைவரை சென்றும் பிரேக் பிடிக்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்வது இதனால்தான். கழிக்கும் எண்ணெயை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றலாகாது.

புதிய பேட் பழகுதல்

புதிய பேட்டின் பரப்பும் பழைய டிஸ்கின் பரப்பும் உடனே முழுதும் பொருந்துவதில்லை. போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 கிலோமீட்டர் வரை மிதமாகப் பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்து, சற்று ஓடவிட்டு ஆறவைத்து, மீண்டும் அவ்வாறே எட்டுப் பத்து முறை செய்யலாம். முதல் 200 அல்லது 300 கிலோமீட்டர் வரை, ஆபத்து நேர்ந்தாலன்றி, கடும் பிரேக் போடாதிருத்தல் நலம். தயாரிப்பாளர் வேறு முறை கூறியிருந்தால் அதுவே ஏற்கத்தக்கது. ஆற்றுநீரிலோ வெள்ளத்திலோ வண்டி இறங்கி ஏறியபின், மெதுவாக ஓட்டியவாறே பெடலை மெல்ல அழுத்திப் பிரேக்கை உலர்த்திக்கொள்ள வேண்டும்.

வகுப்பறையில் காட்டக்கூடிய சோதனை

ஆசிரியர்கள் இவ்விஷயத்தின் பௌதிகத்தை எளிய பொருள்களைக்கொண்டு விளக்கலாம். ஊசியில்லாத, பயன்படுத்தாத சிரிஞ்சுகள் இரண்டு எடுத்துக்கொள்க. ஒன்று 5 மில்லிலிட்டர், மற்றொன்று 20 மில்லிலிட்டர் அளவுடையதாயிருக்கட்டும். இரண்டையும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணைத்து, குமிழி சிறிதுமின்றி நீரால் நிரப்புக. சிறிய சிரிஞ்சை ஒரு மாணவனும் பெரியதை மற்றொரு மாணவனும் எதிரெதிரே அழுத்தினால், சிறியதைப் பிடித்தவன் எளிதில் வெல்வான். அவன் அதிக தூரம் தள்ள நேர்வதையும் மாணவர்கள் காண்பார்கள். பின்னர் குழாயில் ஒரு காற்றுக் குமிழியை விட்டு மீண்டும் அழுத்தச் செய்க. அழுத்தம் குமிழியைச் சுருக்குவதில் வீணாகி, மறுமுனை தாமதமாகவே நகரும். மெத்தென்ற பெடலின் காரணத்தை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

குறிப்பேடு

வண்டியில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருப்பது நல்ல பழக்கம். நாள், ஓடிய கிலோமீட்டர், நான்கு பேட்களின் தடிப்பு, டயர்ப் பள்ளத்தின் ஆழம், எண்ணெய் மாற்றிய நாள் ஆகியவற்றை அதில் எழுதி வர வேண்டும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எழுதினால், இரண்டு மூன்று பதிவுகளுக்குள் தேயும் விகிதம் புலப்பட்டுவிடும். 9 மில்லிமீட்டர் 7 ஆகி, 7 மில்லிமீட்டர் 5 ஆகியிருந்தால், அடுத்த 10,000 கிலோமீட்டரில் மாற்றும் எல்லையை நெருங்கும் என்று முன்கூட்டியே அறிந்து, பேட்களை வாங்கி வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் விரைவாகத் தேய்ந்தால் அக்குறையையும் அந்த எண்களே காட்டிவிடும். துறை வண்டியை ஒருவரிடமிருந்து மற்றொருவர் ஏற்கும்போது இந்தக் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் படித்தபின் சாவியைப் பெற்றுக்கொள்வது முறையாகும்.